மரத்துல ஏறிட்டா தப்பிச்சிடலாமா? ஜிம் கார்பெட்டின் பரண் இரவுகள்

1910-ம் ஆண்டு. இன்றைய உத்தராகண்டின் குமாவுன் மலைப்பகுதியில் சனௌலி என்ற சின்னக் கிராமம். கும்மிருட்டு. வயல் ஓரத்தில் சாய்ந்து வளர்ந்த ஒரு மரத்தில், கையில் துப்பாக்கியோடு 35 வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே வயலில் ஒரு வெள்ளை ஆடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது. அவருக்குப் பின்னால் புதர்க்காடு. சுமார் 400 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட ஒரு சிறுத்தை அந்தப் புதருக்குள்தான் இருக்கிறது.

ஆட்டைப் பிடிக்கச் சிறுத்தை வரும், சுட்டுவிடலாம் என்பது திட்டம். சிறுத்தைக்கு வேறு திட்டம் இருந்தது. அது ஆட்டுப் பக்கமே போகவில்லை. நேராக மரத்தடிக்கு வந்தது.

மரத்தில் இருந்தவர் இதை எதிர்பார்த்து ஒரு வேலை செய்து வைத்திருந்தார். நீளமான முள் கிளைகளை வெட்டி, தன் இரண்டு பக்கமும் மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். சிறுத்தையால் முள்ளைத் தாண்டி ஏற முடியவில்லை. உடனே அது என்ன செய்தது தெரியுமா? வெளியே நீட்டிக்கொண்டிருந்த முள் கிளைகளின் அடிப்பகுதியைப் பல்லால் கவ்வி வெடுக் வெடுக்கென்று இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் மேலே உட்கார்ந்திருந்தவரின் உடம்பு மரத்தோடு மோதியது. திரும்பிச் சுட வழியில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவும் இல்லை. அந்தக் கயிற்று முடிச்சு மட்டும் அவிழ்ந்திருந்தால், இந்தியாவின் மிகப் பிரபலமான வேட்டைக்காரரின் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அவர் பெயர் எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட். நமக்கெல்லாம் ஜிம் கார்பெட்.

புலி என்றதும் நினைவுக்கு வருகிற பெயர். அவர் பெயரில் தேசியப் பூங்கா இருக்கிறது, வீக்கெண்ட் சஃபாரி பேக்கேஜ் இருக்கிறது. புலிகளோடு அவர் மோதிய கதைகளை எல்லாரும் சொல்வார்கள். ஆனால், அவர் வாழ்க்கையில் பாதி ராத்திரிகள் ஏதோ ஒரு மரத்தின் மேல்தான் கழிந்தன. அந்த மரங்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மரத்து மேல உட்கார்ந்துட்டா வேட்டைக்காரர் சேஃப் என்று நாம் சுலபமாக நினைத்துக்கொள்வதுதான் காரணம். கார்பெட் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

மச்சான் என்றால் என்ன?

வட இந்திய வேட்டைக் கதைகளில் மச்சான் என்ற சொல் அடிக்கடி வரும். நம்ம ஊர் மச்சான் இல்லை. மரக்கிளைகளுக்கு இடையில் கட்டுகிற மேடைக்கு இந்தியில் அந்தப் பெயர். நாம் கட்டிலைக் குறிக்கச் சொல்லும் மஞ்சம் என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழக்கத்தில் பார்த்தாலும் பொருத்தம்தான். கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக் கிளைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிவிட்டால் மச்சான் ரெடி.

தமிழில் இதற்குப் பரண் என்று பெயர். சங்க இலக்கியத்தில் இதணம். தினைப்புனத்தில் கிளி ஓட்டிய வள்ளி நின்றது பரண் மேல்தான். தாளவாடி, சத்தியமங்கலம் பக்கம் யானைக்கும் காட்டுப்பன்றிக்கும் பயந்து விவசாயிகள் ராக்காவல் இருப்பதும் பரண் மேல்தான். ஆக, பொருள் நமக்குப் புதுசு இல்லை.

வேட்டைக்குப் பரண் ஏன் தேவைப்பட்டது? மூன்று காரணங்கள். பெரும்பாலான காட்டு விலங்குகள் அண்ணாந்து பார்ப்பது குறைவு. உயரத்தில் இருப்பவரின் வாசனை தரைக்கு வருவதும் குறைவு. பார்வைக்கு மறைப்பு இல்லாமல் இடம் தெளிவாகத் தெரியும். இதில் சிக்கல், பெரும்பாலான என்ற சொல்லில் இருக்கிறது. மனிதர்களைத் தின்று பழகிய விலங்கு, மனிதன் எங்கே இருப்பான் என்று தெரிந்து வைத்திருக்கும். அதிலும் சிறுத்தை, மரம் ஏறுவதில் கெட்டிக்கார மிருகம். தன் எடைக்கு நிகரான மானையே கவ்விக்கொண்டு கிளைக்குக் கிளை தாவும். அதற்குப் பத்தடி உயரம் எல்லாம் ஒரு கணக்கே இல்லை.

மரம் ஏறக் கற்றுக்கொடுத்தவர்

கார்பெட் பிறந்தது 1875 ஜூலை 25, நைனிதாலில். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பெரிய குடும்பம். ஜிம்முக்கு ஆறு வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட, அம்மா மேரி ஜேன்தான் குடும்பத்தை இழுத்துக் கொண்டுபோனார். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் கீழே காலாதுங்கி. காலாதுங்கி வீட்டைச் சுற்றிக் காடு. பள்ளிக்கூடத்தை விட அந்தக் காட்டில்தான் பையன் அதிகம் படித்தான்.

முதலில் கவண், அப்புறம் வில், அதற்குப் பிறகு ஒரு பழைய துப்பாக்கி. இரட்டைக் குழலில் ஒன்று வெடித்துப் பிளந்துபோய், கட்டையையும் குழலையும் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்த துப்பாக்கி. இன்றைக்கு எந்தப் பெற்றோரும் பிள்ளை கையில் கொடுக்கத் துணியாத பொருள்.

அவருக்குக் காட்டைச் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் குன்வர் சிங். பக்கத்துக் கிராமத் தலைவர், அனுமதி இல்லாமல் வேட்டையாடுவதில் பேர் போனவர். துப்பாக்கி கையில் வந்துவிட்டால் போதாது, மரம் ஏறத் தெரிய வேண்டும் என்பது அவர் போட்ட முதல் நிபந்தனை. அதற்கு அவர் சொன்ன காரணம் ஒரு நிஜச் சம்பவம். குன்வர் சிங்கும் அவர் நண்பர் ஹர் சிங்கும் காட்டுக்குப் போயிருந்தபோது புலி பாய்ந்து வந்தது. குன்வர் சிங் விறுவிறுவென்று மரத்தில் ஏறிவிட்டார். நண்பருக்கு ஏறத் தெரியாது. அவரை மரத்தோடு சேர்த்து நிறுத்திவிட்டது புலி. வயிறு கிழிந்து தொங்கிய நிலையில் அவர் உயிர் பிழைத்ததே பெரிய அதிசயம்.

எட்டு வயசுப் பையனிடம் சொல்லக்கூடிய கதையா இது என்று கேட்கலாம். ஆனால், பாடம் மனதில் பதிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளை இல்லாத மரத்தில்கூட ஏறப் பழகினார் கார்பெட். அறுபது வயது தாண்டியும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

பதினெட்டு வயதில் ரயில்வே வேலைக்குப் போனார். முதலில் மனக்பூரில் எஞ்சின்களுக்கான விறகு வேலை. பிறகு கங்கைக் கரையில் மொகமே காட். அங்கே சரக்குகளை ஒரு ரயிலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றும் ஒப்பந்தக்காரராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். சம்பளத்துக்குப் புலி சுடுகிறவர் இல்லை அவர். ரயில்வே வேலையில் இருந்துகொண்டு, அரசு அதிகாரிகள் கேட்டுக்கொண்டால் லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குப் போனவர். ஆட்கொல்லியைச் சுடப் போகும்போது இரண்டு நிபந்தனை வைப்பார். பரிசுத் தொகை அறிவித்திருந்தால் ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் எல்லாரும் காட்டைவிட்டு வெளியேற வேண்டும். முதல் நிபந்தனை தன்மானம் சம்பந்தப்பட்டது. இரண்டாவது உயிர் சம்பந்தப்பட்டது. இருட்டில் புதர் அசைந்தால் சுடுகிற ஆட்கள் நாலு பேர் சுற்றிக்கொண்டிருக்கும் காட்டில், புலியைவிட அவர்கள்தான் ஆபத்து.

முதல் இரவு தரையில்

1907-ல் சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலும் குமாவுனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கார்பெட் வேட்டையாடிய முதல் ஆட்கொல்லி அதுதான். பாலி என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பல நாளாக உள்ளே கிடக்கிறது. அந்த இரவு அவர் செய்த காரியம் யாரும் செய்யக் கூடாதது. ஊருக்கு வெளியே பாதை ஓரத்தில், ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நிலா வெளிச்சம். ஒவ்வொரு நிழலும் புலியாகத் தெரிந்தது. எழுந்து ஊருக்குள் போகலாம் என்றால் பயத்தில் கால் நகரவில்லை. விடியும்போது முழங்காலில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை அவருடைய ஆட்கள் வந்து எழுப்பினார்கள். புலி வரவில்லை, அவ்வளவுதான். இந்தப் பயத்தை அவரே பின்னாளில் புத்தகத்தில் மறைக்காமல் எழுதினார். மற்ற வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் எழுதிய புத்தகங்களைப் படித்துப் பாருங்கள், யாரும் பயந்ததாகவே இருக்காது. கார்பெட் எழுதியதை நம்பத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

மூன்று வருடம் கழித்து வந்தது சனௌலி இரவு. பனார் சிறுத்தை. முள் கிளையை இழுத்து இழுத்துப் பார்த்துச் சலித்துப்போய், கடைசியில் அது ஆட்டின் மேல் பாய்ந்தது. வெள்ளை ஆட்டை வைத்துக் குத்துமதிப்பாகச் சுட்டார். காயம்பட்டது. ஆனால் சாகவில்லை. அவர் மரத்தை விட்டு இறங்கி, பைன் மரத் தீப்பந்தங்களோடு வந்த கிராமத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்த இருட்டிலேயே தேடப் போனார். சிறுத்தை பாய்ந்து வந்ததும் ஆட்கள் பந்தங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கீழே விழுந்த பந்த வெளிச்சத்தில்தான் கடைசித் தோட்டா போனது.

இதில் நமக்குப் பிடிபடுவது முள் விஷயம். சாய்ந்த மரம், குறைந்த உயரம், ஏற வசதியான தண்டு. பரணுக்குத் தகுதியே இல்லாத மரம் அது. ஆனால் சிறுத்தை இருந்த இடத்துக்கு அருகில் இருந்தது அந்த மரம்தான். நல்ல மரம் கிடைக்கிற இடத்துக்குப் புலி வராது, புலி வருகிற இடத்தில் நல்ல மரம் இருக்காது. கார்பெட்டின் வேட்டைகளில் பாதிப் போராட்டம் இதுதான். கிடைத்த மரத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

மேடை கட்டாமல் ஏன் உட்கார்ந்தார்?

வைஸ்ராய்களும் மகாராஜாக்களும் புலி சுட்ட பரண் வேறு. பல நாள் முன்னாலேயே ஆட்கள் போய்க் கட்டி முடித்திருப்பார்கள். மெத்தை இருக்கும், ஏணி இருக்கும், சில இடங்களில் சாப்பாட்டுக்கூடைகூட மேலே போகும். நூற்றுக்கணக்கான ஆட்கள் பறையடித்துப் புலியைத் துரத்திக்கொண்டு வருவார்கள். துரை சுடுவார். கார்பெட்டும் வைஸ்ராய் லின்லித்கோவுக்கு நண்பராக அப்படிப்பட்ட ஏற்பாடுகளில் இருந்தவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆட்கொல்லி விஷயத்தில் அது நடக்காது. மரம் வெட்டும் சத்தமும் ஆணி அடிக்கும் சத்தமும் கேட்டால் அந்தப் பக்கமே தலைவைக்காது. அதனால் பல நேரம் கார்பெட் மேடையே கட்டவில்லை. ஒரு கவையில் உட்கார்ந்து, இன்னொரு கிளையில் காலை நீட்டி, அப்படியே பத்துப் பன்னிரண்டு மணி நேரம். இருமக் கூடாது. சிகரெட் பற்றவைக்கக் கூடாது, அவரோ நிறையப் புகைப்பவர். எறும்பு கடித்தாலும் அசையக் கூடாது. மரத்துப்போன காலோடு விடியற்காலையில் இறங்க வேண்டும்.

இன்றைக்கும் அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரத்தில் மாட்டுகிற உலோகப் பரண்களைப் பயன்படுத்துகிறார்கள். கடையில் வாங்கிப் பெல்ட்டால் மரத்தில் இறுக்கிக் கட்டுவார்கள். அங்கே வேட்டைக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகிற காயங்களில் பெரும் பங்கு துப்பாக்கியால் வருவதில்லை, பரணிலிருந்து விழுவதால் வருகிறது. பெரும்பாலும் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றி வைக்கும் அந்த ஒரு நொடியிலும்தான். இன்னொரு காரணம், போன வருஷம் கட்டிய பெல்ட்டை அப்படியே நம்புவது. வெயிலிலும் மழையிலும் நார் மக்கிப்போகும். அணில் கடித்திருக்கும். மரம் பருத்து வளர்வதால் பெல்ட் உள்ளுக்குள் இறுகி நைந்திருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கால் வைத்ததும் அறுந்து போகும்.

அதனால்தான் இப்போது அங்கே வேட்டைப் பயிற்சியில் முதலில் சொல்லித் தருவது, உடம்பு முழுக்கச் சுற்றிக்கட்டும் ஹார்னெஸைப் பற்றி. தரையை விட்டுக் கால் எடுக்கும் முன்பே அதை மாட்ட வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டுகிற பழைய பெல்ட் கூடாது, விழுந்தால் மூச்சு முட்டிவிடும். ஏறும்போது இரண்டு கை, இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பிடிமானத்தில் இருக்க வேண்டும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறவே கூடாது. தோட்டாவை எடுத்துவிட்டு, மேலே போன பிறகு கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும். விழுந்து ஹார்னெஸில் தொங்கினாலும் ஆபத்து முடியவில்லை. ரொம்ப நேரம் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும், உயிரே போகலாம். அதற்குக் கால் ஊன்றித் தளர்த்திக்கொள்ளத் தனியாக ஒரு பட்டை.

கார்பெட்டிடம் இதில் எதுவும் இல்லை. ஒரு கயிறு இருந்தது. மரத்தைப் பற்றிய அறிவு இருந்தது. அந்த அறிவு எந்த அளவுக்கு வேலை செய்தது என்பதற்கு ருத்ரபிரயாக்கில் நடந்தது நல்ல உதாரணம்.

புயலில் ஒரு பைன் மரம்

ருத்ரபிரயாக் சிறுத்தை 1918 முதல் 1926 வரை எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது. இது அரசு ஆவணக் கணக்கு. எண்ணிக்கையில் பனார் சிறுத்தையைவிட மிகக் குறைவு. ஆனால் அது நடமாடியது கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பக்தர்கள் வருகிற வழி அது. அதனால் செய்தி எல்லா இடத்துக்கும் பரவியது. பனாரில் 400 பேர் இறந்தது பெரிதாகத் தெரியவில்லை, ருத்ரபிரயாக்கில் 125 பேர் இறந்தது உலகத்துக்கே தெரிந்தது. யார் சாகிறார்கள் என்பதைவிட எங்கே சாகிறார்கள் என்பதுதான் செய்தியின் அளவைத் தீர்மானித்தது. இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே.

1925-ல் கார்பெட் அங்கே போனார். பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள், துப்பாக்கிப் பொறியும் வைத்துப் பார்த்தார்கள். எதற்கும் அது மசியவில்லை. ஒரு ராத்திரி மரத்தைச் சுற்றி அடுக்கி வைத்திருந்த வைக்கோல் போர் மேல் உட்கார்ந்தார். மழை கொட்டியது. மேலே இவர் தொப்பலாக நனைந்துகொண்டிருக்க, போரைத் தாங்கி நின்ற மேடைக்கு அடியில், காய்ந்த வைக்கோலில் சிறுத்தை வந்து படுத்துக்கொண்டது. இருவருக்கும் நடுவில் வைக்கோல் மட்டும்தான்!

அதைவிட மோசமானது பைன் மர இரவு. மலைச்சரிவில், பள்ளத்தின் பக்கம் நின்ற மரம். மேலே ஏறி உட்கார்ந்தாயிற்று. நடுராத்திரியில் சூறைக்காற்று ஆரம்பித்தது. பைன் மரத்தின் ஊசி இலைகள் கொத்துக்கொத்தாகக் காற்றைப் பிடித்துக்கொள்ளும், பாய்மரம் மாதிரி. மரம் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. இறங்கி ஓடலாமா? கீழே ஆட்கொல்லி இருக்கலாம். மேலேயே இருக்கலாமா? மரம் வேரோடு சாயலாம்.

அந்த இடத்தில் அவர் யோசித்த விதம் அருமையானது. இந்த மரம் இதற்கு முன்பு எத்தனையோ புயலைத் தாங்கியிருக்கும். ஆனால் ஒரு மனிதனின் எடையும், அவன் உடம்பில் மோதும் காற்றும் அதற்குப் புதுசு. அந்தக் கூடுதல் சுமையைக் கழித்துவிட்டால் மரம் பழையபடி தாங்கும். கணக்கு இவ்வளவுதான். முதலில் துப்பாக்கியைக் கிளையில் பத்திரமாகக் கட்டினார். பிறகு ஒவ்வொரு கிளையாக நுனி வரை ஊர்ந்து போய், கைக்கு எட்டிய இலைக் கொத்துகளை எல்லாம் ஒடித்துக் கீழே போட்டார். ஆடிக்கொண்டிருக்கும் மரத்தில், இருட்டில், அதல பாதாளத்துக்கு மேலே! காற்று அடங்கும் வரை மரம் நின்றது.

அன்றைக்கு அவருக்கு ஐம்பது வயது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இறங்குவது இன்னும் கஷ்டம்

பரணில் இருக்கும் வரை ஓரளவு பாதுகாப்பு. அதைவிட்டு இறங்கி முகாமுக்கு நடக்க வேண்டுமே, அதுதான் பெரிய கண்டம். அந்த மாவட்டத்தின் துணை ஆணையர் இபட்சன். கார்பெட்டின் நெருங்கிய நண்பர். ஒரு நாள் இரண்டு பேரும் பரணில் காத்திருந்து, பலன் இல்லாமல் இருட்டில் இறங்கினார்கள். கையில் பெட்ரோமாக்ஸ் மாதிரியான ஒரு விளக்கு. வழியில் இபட்சன் கால் இடறி, விளக்கு பாறையில் மோதி மேண்டில் உடைந்துபோனது. நீல நிறத்தில் ஒரு தீக்கீற்று மட்டும் மிச்சம். சில நிமிடங்களில் விளக்கு சூடேறி வெடித்துவிடும், அணைத்தால் முழு இருட்டு. எப்படியோ தட்டுத்தடுமாறி ஒரு கிராமத்து வீட்டுக்கு வந்து கதவைத் தட்டித் தஞ்சம் புகுந்தார்கள்.

விளக்கு, டார்ச் விஷயத்தில் அவருக்கு ராசியே கிடையாது. கடைசி இரவிலும் அப்படித்தான். 1926-ம் ஆண்டு கோலாப்ராய் என்ற இடத்தில், யாத்திரைப் பாதை ஓரமாக ஒரு மாமரம். பக்கத்தில் யாத்ரீகர்கள் தங்கும் கொட்டகை. அதை நடத்தியவர் ஒரு பண்டிட், இதே சிறுத்தை கழுத்தைக் கவ்வியும் தப்பிப் பிழைத்தவர். மாமரத்தில் பரண் கட்டி, கீழே கழுத்தில் மணி கட்டிய ஆட்டை விட்டுவிட்டு, பத்து இரவுகள் உட்கார்ந்தார் கார்பெட். ஒன்றும் வரவில்லை. அதற்கும் அடுத்த இரவு, விடிந்தால் மே 2, ஆட்டின் மணி திடீரென்று சத்தம் போட்டது. துப்பாக்கியில் பொருத்தியிருந்த டார்ச்சை அழுத்தினார். சிறுத்தையின் தோள் நேராகத் தெரிந்தது. விசையை அழுத்தினார். டார்ச் அணைந்துவிட்டது. பேட்டரி தீர்ந்துபோச்சு.

பட்டதா, படவில்லையா? சிறுத்தை ஓடிவிட்டதா, இல்லை மாமரத்தடியில் காயத்தோடு காத்திருக்கிறதா? எதுவும் தெரியாமல் விடியும் வரை பரணிலேயே இருந்தார். நம்மில் யாராக இருந்தாலும் ஆர்வத்தில் இறங்கியிருப்போம். வெளிச்சம் வந்த பிறகு இறங்கிப் போய்ப் பார்த்தபோது, கொஞ்ச தூரம் கீழே ஒரு குழியில், விளிம்பில் தாடையை வைத்தபடி சிறுத்தை செத்துக் கிடந்தது. நீளம் ஏழரை அடி. வயதான ஆண் சிறுத்தை. அந்த ஊரில் இன்றும் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

துப்பாக்கி போய் கேமரா வந்தது

முதல் உலகப் போருக்கு 500 குமாவுன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸ் போனார் கார்பெட். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்குக் காட்டில் பிழைக்கச் சொல்லிக் கொடுத்தார். நடுவில், காட்டில் தானியங்கி கேமரா வைத்துப் புலியைப் படம் எடுத்த வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியனைப் பார்த்து இவருக்கும் கேமரா ஆசை வந்தது. மரத்தில் ஏறுவது நிற்கவில்லை. கையில் இருந்த பொருள் மட்டும் மாறியது. 1936-ல் ஹெய்லி தேசியப் பூங்கா அமைந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா. இறந்த பிறகு அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டதும் அங்கேதான்.

1938 நவம்பரில் தக் பெண்புலியைச் சுட்டதோடு ஆட்கொல்லி வேட்டையை முடித்துக்கொண்டார். அப்போது வயது 63. இந்தக் கதைகளை எல்லாம் எழுதிய முதல் பெரிய புத்தகம் 1944-ல் வந்து உலகம் முழுக்க விற்றது. நம்ம பக்கத்தில் ஓசூர், தருமபுரிக் காடுகளில் பரண் கட்டி உட்கார்ந்த கென்னத் ஆண்டர்சன் எழுத வந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. இருவரையும் ஒப்பிட்டுச் சண்டை போடுகிற வாசகர்கள் இன்றும் உண்டு. ஆண்டர்சனிடம் கதை சுவாரஸ்யம் அதிகம், கார்பெட்டிடம் காடு அதிகம். இது என் கட்சி.

கடைசி மரம்

1947 நவம்பரில் கார்பெட்டும் அக்கா மேகியும் இந்தியாவை விட்டுக் கென்யா போய் நியேரி என்ற ஊரில் குடியேறினார்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, கடைசி வரை ஒன்றாகவே இருந்தார்கள். அந்த ஊருக்குப் பக்கத்தில் அபர்டேர் காட்டில், எரிக் ஷெர்புரூக் வாக்கர் என்பவர் 1932-லேயே ஒரு பெரிய அத்தி இன மரத்தின் மேல் விடுதி கட்டியிருந்தார். பெயர் ட்ரீடாப்ஸ். கீழே நீர்நிலை, உப்புத்தரை. ராத்திரி யானையும் காண்டாமிருகமும் வரும். மேலே உட்கார்ந்து பார்க்கலாம். சுட வேண்டியதில்லை. ஒரு விதத்தில் வேட்டைப் பரண் ஓட்டலாக மாறியது அங்கேதான்.

1952 பிப்ரவரி 5 அன்று இளவரசி எலிசபெத்தும் கணவர் பிலிப்பும் அங்கே தங்க வந்தார்கள். யானைக் கூட்டம் பக்கத்தில் நிற்க, அவர்கள் நடந்து வந்து சுமார் 30 அடி ஏணியில் ஏற வேண்டியிருந்தது. 76 வயது கார்பெட் விருந்தினராகவும் காவலராகவும் கூட இருந்தார். ராத்திரி எல்லாரும் தூங்கப் போன பிறகு, ஏணியின் மேல்முனையில் துப்பாக்கியோடு அவர் காவல் இருந்தார். பாம்போ சிறுத்தையோ ஏணி வழியாக வரக் கூடாதே. நாற்பது வருஷத்துக்கு முன்னால் முள் கட்டிய அதே ஆள், அதே எச்சரிக்கை.

அந்த இரவில் லண்டனுக்கு வடக்கே சாண்ட்ரிங்ஹாமில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தூக்கத்தில் இறந்துபோனார். மரத்தில் ஏறியபோது இளவரசியாக இருந்தவர், இறங்கும்போது அரசி. இதை விருந்தினர் பதிவேட்டில் பதிவு செய்தவரும் கார்பெட்தான். மரத்தின் மேல் இருக்கும்போதே எலிசபெத்துக்குச் செய்தி தெரிந்ததாகச் சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. காலையில் இறங்கி, தங்கியிருந்த சகானா மாளிகைக்குப் போன பிறகு, பிற்பகலில்தான் பிலிப் அவரிடம் சொன்னார். இறங்கியபோது தான் அரசி என்பது அவருக்கே தெரியாது.

இரண்டு ஆண்டு கழித்து, 1954-ல், மாவ் மாவ் கிளர்ச்சியின்போது அந்த மர விடுதி தீயில் எரிந்து போனது. பிறகு நீர்நிலையின் எதிர்க்கரையில் புதிதாகக் கட்டினார்கள். கார்பெட் அந்த ஒரு இரவைப் பற்றித் தன் கடைசிச் சிறு புத்தகத்தை எழுதி முடித்தார். அச்சாகி வருவதற்குள், 1955 ஏப்ரல் 19 அன்று மாரடைப்பில் இறந்தார். நியேரி தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் கல்லறைக்குச் சற்றுத் தள்ளி அவரைப் புதைத்திருக்கிறார்கள்.